ஒரு கையில் இரண்டு வருத்தம்: இடியப்பம் அவிக்கும் ஓர் அக்காவின் சத்திரசிகிச்சை முடிவு

அந்த அக்கா என்னிடம் முதன்முதல் வந்தபோது அவரிடம் ஏற்கெனவே ஒரு திகதி இருந்தது. கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் எழுதி, சுற்றி ஒரு வட்டமும் போட்ட ஒப்பரேஷன் திகதி. அதற்கு இன்னும் ஆறு கிழமை இருந்தது. கூட வந்த கடிதத்தில் "வலக்கை, கார்பல் டனல், சத்திரசிகிச்சைக்கு முன் மட்டை செய்து கொடுக்கவும்" என்று ஒரே ஒரு வரி. கார்பல் டனல் என்பது மணிக்கட்டில் நரம்பு நசிபட்டு விரல்கள் விறைக்கும் வருத்தம். மட்டை என்றால் கையை அசையாமல் பிடித்துவைக்கும் தாங்கி. கதிரையில் இருந்ததும் அவர் கேட்டார்: "மிஸ், வெட்டினா இந்த நோ போயிருமா?"

நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் ஓர் அரச வைத்தியசாலையில் தொழில்வழிச் சிகிச்சை செய்பவள். சனங்கள் என்னைக் "கைக்கு மட்டை செய்யிற மிஸ்" என்றுதான் சொல்வார்கள். வெட்டுவதும் வெட்டாமல் விடுவதும் என் கையில் இல்லை, அது நிபுணரும் நோயாளியும் எடுக்கும் முடிவு. ஆனால் வைத்தியருக்கு ஒரு நோயாளியோடு ஐந்து நிமிடம் கிடைத்தால் எனக்கு முக்கால் மணித்தியாலம் கிடைக்கிறது. அந்த முக்கால் மணித்தியாலத்தில்தான் சில விஷயங்கள் வெளியே வருகின்றன. இந்த நிகழ்வை எழுதுவதற்குக் காரணமும் அதுதான். அக்காவின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காணமுடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஆளும் வேலையும்

வயது 51. கல்லடிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வீடு. வலக்கைக்காரர். ஏழு வருடமாக நீரிழிவு, மெற்போமின் குளிசை போடுகிறார். கணவர் வாவியில் மீன் பிடிப்பவர். மகன் கட்டாரில். மகளும் எட்டு மாதப் பேத்தியும் கூட இருக்கிறார்கள்.

அக்காவின் தொழில் இடியப்பம். விடிய மூன்றரைக்கு எழும்பி மா குழைத்து, ஆறரைக்குள் ஏறக்குறைய முந்நூறு இடியப்பம் பிழிந்து அவித்து நாலு கடைகளுக்குக் கொடுக்கிறார். கிழமைக்கு ஆறு நாள். பதினாலு வருடமாக இதுதான். ஒருநாள் விடிய அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன், ஏனென்றால் கிளினிக்கில் "வேலை என்ன?" என்று கேட்டால் "வீட்டு வேலைதான்" என்று சொல்லிவிடுகிறார்கள். பலகைக் கட்டையில் குந்தியிருந்து, முழங்கால் உயரத்தில் ஒரு மேசை. இரண்டு பக்கமும் கைபிடி வைத்த மர உரல். சிவப்பரிசி மாவை உரலுக்குள் அடைத்து, இரண்டு கையாலும் மேல்பிடியையும் கீழ்ப்பிடியையும் சேர்த்து நெரிக்கிறார். தட்டின் மேல் உரலை வட்டமாகச் சுற்றும்போது வலக்கை மணிக்கட்டு சின்னிவிரல் பக்கம் சரிகிறது. பெருவிரல் பிடியின் மேல் குத்திட்டு நிற்கிறது. ஒரு தட்டுக்கு ஒரு நெரிப்பு. முந்நூறு தட்டு. கடைசி ஐம்பதுக்கு வரும்போது மா ஆறிவிடும். ஆறின மா இறுகும். அப்போது அவர் தோளையும் சேர்த்துப் போட்டுத்தான் நெரிக்கிறார்.

இதற்கு மேல் தேங்காய் திருவுவது, பேத்தியைத் தூக்குவது. பேத்தியை அவர் தூக்கும் விதத்தையும் பார்த்தேன். பிள்ளையின் இரண்டு அக்குளுக்குள்ளும் பெருவிரலை விரித்துக் கொடுத்து, மணிக்கட்டை வளைத்துத் தூக்குகிறார். கைக்குழந்தை உள்ள வீட்டில் பெருவிரல் பக்க மணிக்கட்டு நோவு ஏன் அடிக்கடி வருகிறது என்பதற்கு அந்த ஒரு அசைவே போதும்.

நோவு தொடங்கி இரண்டு வருடத்துக்கு மேல். முதலில் நோ எண்ணெய். பிறகு ஒரு பரியாரி கட்டிய கட்டு. அப்புறம் கடையில் வாங்கிய டிக்ளோபெனாக் என்ற நோக் குளிசை, வயிறு எரியத் தொடங்கும் வரைக்கும். ஒரு தனியார் வைத்தியரிடம் மணிக்கட்டில் ஓர் ஊசி. "ஊசி வேலை செய்யல்ல" என்றார். அந்த ஊசியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அது முக்கியம்.

இரண்டு பேனை

மற்றவர்களிடம் செய்வதையே இவரிடமும் செய்தேன். வெள்ளைத் தாளில் அவர் கையை வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்தேன். உள்ளங்கைப் பக்கம் ஒரு படம், புறங்கைப் பக்கம் ஒரு படம். ஒரு சிவப்புப் பேனையும் ஒரு நீலப் பேனையும் கொடுத்து, "நோகிற இடத்துக்குச் சிவப்பு, விறைக்கிற இடத்துக்கு நீலம்" என்றேன்.

முதலில் அவருக்கு விளங்கவில்லை. "எல்லாம் ஒண்டுதானே மிஸ்." சரி, யோசித்துப் போடுங்கள் என்று விட்டுவிட்டு அடுத்த ஆளுக்கு மட்டை வெட்டப் போனேன். திரும்பி வந்தபோது தாளில் இருந்தது இதுதான்: பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் நுனியிலிருந்து நீலம். மோதிர விரலில் பெருவிரல் பக்கப் பாதி மட்டும் நீலம், சின்னிவிரலில் ஒன்றுமில்லை. சிவப்பு வேறு இடத்தில், மணிக்கட்டின் பெருவிரல் பக்கம், எலும்பு துருத்தும் இடத்தில், ஐம்பது சத நாணயம் அளவில் ஒரு வட்டம், அதிலிருந்து முழங்கை நோக்கி ஒரு கோடு. இரண்டு நிறமும் எங்கேயும் ஒன்றையொன்று தொடவில்லை.

அவரே தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நோ வேற, விறைப்பு வேற எண்டு இப்பதான் பாக்கன்."

அவர் கொப்பியில் இருந்த திகதி நீலத்துக்கான திகதி. அவர் என்னிடம் கேட்ட கேள்வி சிவப்பைப் பற்றியது. வெட்டியிருந்தால் ஒப்பரேஷன் சரியாகவே நடந்திருக்கும், அவர் வீட்டுக்குப் போய் "வெட்டியும் நோ போகல்ல" என்று சொல்லியிருப்பார். நாட்பட்ட கை நோவுக்குச் சத்திரசிகிச்சை செய்து மனம் நொந்துபோன பலரின் கதை இப்படித்தான் தொடங்குகிறது என்று நான் நம்புகிறேன். கத்தி ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும். கையில் இருக்கும் எல்லா நோவையும் அது எடுத்துவிடாது.

நீலம்: உள்ளே நடப்பது

மணிக்கட்டின் உள்பக்கம் சிறு எலும்புகள் ஒரு தொட்டி மாதிரி வளைந்து நிற்கின்றன. அதன் மேல் தடித்த நார்ப்பட்டை ஒன்று கூரை போல மூடியிருக்கிறது. அந்தக் குகைக்குள்ளால் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பும் போகின்றன. மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவன்று ஒரே ஓட்டோவில் பத்துப் பேர் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒன்பது பேர் கயிறு, ஒருவர் மட்டும் மென்மையான ஆள். நெரிசலில் முதலில் நசிபடுவது அந்த ஒருவர்தான்.

அந்த நரம்பு உணர்ச்சி கொடுப்பது பெருவிரல், சுட்டு, நடுவிரல், மோதிர விரலின் பாதி. சின்னிவிரல் வேறு நரம்பின் பொறுப்பு. அதனால்தான் அக்கா மோதிர விரலில் பாதியோடு நிறுத்தியது எனக்குப் பெரிய சாட்சி. பெருவிரல் அடி மேட்டின் தோலும் அவருக்கு நன்றாகவே உணர்ந்தது. அந்தத் தோலுக்குப் போகும் கிளை குகைக்குள் நுழையுமுன்னமே பிரிந்து மேலால் போய்விடுகிறது. அங்கேயும் விறைத்திருந்தால் நசிவு இன்னும் மேலே, முழங்கை அல்லது கழுத்துப் பக்கம் என்று தேடியிருப்போம்.

இரவில் கூடுவதும் இதன் அடையாளம். நித்திரையில் மணிக்கட்டை மடக்கிக்கொண்டு படுப்போம். 1981இல் கெல்பர்மன் என்ற அமெரிக்க நிபுணரின் குழு குகைக்குள் மெல்லிய குழாய் விட்டு அழுத்தத்தை அளந்தது. நல்ல கையில் சராசரி 2.5 மில்லிமீற்றர் இரசம். இந்த வருத்தம் உள்ள கையில் 32. மணிக்கட்டை முழுக்க மடக்கினால் வருத்தமுள்ள கையில் 90க்கு மேல். முழுக்கப் பின்னால் வளைத்தால் அதைவிடவும் கூட. அக்கா ஒவ்வொரு இரவும் ஒன்றரை, இரண்டு மணிக்கு எழும்பிக் கையை உதறுவாராம். "தெர்மோமீட்டர உதறுற மாதிரி" என்று தானாகவே செய்தும் காட்டினார்.

மணிக்கட்டை மடக்கி வைக்கும் பேலன் சோதனைக்கு ஒரு நிமிடம் கொடுப்போம். அவருக்கு 25 செக்கனில் விரல் விறைத்தது. குகையின் மேல் பெருவிரலால் அமர்த்தியபோதும் அப்படியே. இரண்டு முனையால் தொட்டால் இரண்டு என்று பிரித்தறியும் தூரம் நடுவிரல் நுனியில் 8 மில்லிமீற்றர், வழமையாக 5, 6க்குள் இருக்கவேண்டும். பிடிபலம் வலக்கையில் 14 கிலோ, இடக்கையில் 22. எனக்குக் கவலை தந்தது வேறொன்று. இரண்டு கையையும் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தபோது வலது பெருவிரல் அடி மேட்டின் தசை இலேசாகத் தேய்ந்து தட்டையாக இருந்தது.

நீரிழிவு உள்ளவருக்கு விறைப்பு என்றால் "சீனியால வந்தது" என்று சொல்லி முடித்துவிடுகிற பழக்கம் எங்களிடம் உண்டு. சீனியால் நரம்பு கெட்டால் வழமையாகக் காலிலிருந்துதான் தொடங்கும். அக்காவின் பாதங்களை நைலோன் நாரால் தொட்டுப் பார்த்தேன், உணர்ச்சி இருந்தது. நீரிழிவு உள்ளவர்களுக்குக் கார்பல் டனல் வரும் வாய்ப்பும் அதிகம் என்பதால், சீனியைக் காரணம் காட்டிக் கையைப் பார்க்காமல் விடுவது இரட்டைத் தவறு. தைரொயிட் சோதனையும் செய்வித்தோம், அது சரியாக இருந்தது.

இனி அந்த ஊசி. "வேலை செய்யல்ல" என்றாரே, எங்கே போட்டது என்று கேட்டேன். உள்மணிக்கட்டின் நடுவைக் காட்டினார். அப்படியென்றால் அது குகைக்குள் போட்ட ஊசி. "ஊசி போட்ட பிறகு ராவில எழும்பினீங்களா?" சிறிது யோசித்தார். "இல்ல மிஸ். ரெண்டு மாசம் நல்லா நித்திரை கொண்டன். ஆனா நோ போகல்லயே." ஊசி தன் வேலையைச் செய்திருக்கிறது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது வேறு இடத்தை. குகைக்குள் போட்ட ஊசிக்குக் கொஞ்சக் காலமாவது குணம் தெரிந்தால், நோய் அங்கேதான் இருக்கிறது, திறந்தாலும் பலன் கிடைக்கும் என்பதற்கு அது நல்ல அறிகுறி. இரண்டு வருடமாக அந்தத் தகவல் "வேலை செய்யல்ல" என்ற ஒரு சொல்லுக்குள் புதைந்து கிடந்தது.

சிவப்பு

பெருவிரலை உள்ளே வைத்துக் கைமுஷ்டி பிடித்து, மணிக்கட்டைச் சின்னிவிரல் பக்கம் மெல்லச் சரித்தேன். கதிரையிலிருந்து பாதி எழும்பிவிட்டார். இது டி குவர்வேன் என்று சொல்லும் வருத்தம். பிரிட்ஸ் டி குவர்வேன் என்ற சுவிஸ் சத்திரசிகிச்சையாளர் 1895இல் விவரித்தது. பெருவிரலை விரிக்கும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு சிறு உறைக்குள்ளால் போகின்றன. அந்த உறை தடித்து நாண்களை இறுக்கிவிடுகிறது. நரம்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பெருவிரல் அடி மூட்டுத் தேய்வும் இதே பக்கத்தில் நோகும் என்பதால் அந்த மூட்டையும் அமர்த்திச் சுழற்றிப் பார்த்தேன், அங்கே நோவில்லை. எக்ஸ்ரேயும் சுத்தம்.

டி குவர்வேனுக்கு மட்டையும் உறைக்குள் ஓர் ஸ்டீரொயிட் ஊசியும் போதும், பெரும்பாலானவர்களுக்கு வெட்டத் தேவை வராது. வெட்டினால் அந்த இடத்தில் தோலுக்கு அடியிலேயே ஓடும் உணர்ச்சி நரம்பு ஒன்று அடிபடக்கூடும். அடிபட்டால் பழைய நோவைவிட அது மோசம். ஆகவே இந்தக் கையில் நோகிற வருத்தம் வெட்டாமல் தீரக்கூடியது. அதிகம் நோகாத வருத்தத்துக்குத்தான் வெட்டு தேவைப்படலாம். இதை அக்காவுக்கு விளங்கவைக்க எனக்கு மூன்று சந்திப்பு எடுத்தது. அவர் விளக்கமில்லாதவர் அல்ல, எவருக்குமே நோவுதான் முதலில் பேசும்.

ஆறு கிழமை

நிபுணரிடம் இரண்டு படங்களையும் காட்டினேன். அவர் தாளைப் பார்த்தார், கையைப் பார்த்தார், திகதியை ஒத்திவைத்தார். நரம்பில் சமிக்ஞை எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளக்கும் நரம்புக் கடத்தல் சோதனைக்கு எழுதினார். டி குவர்வேன் உறைக்குள் ஊசி போட்டார். ஊசிக்குப் பிறகு சில நாள் சீனி ஏறும் என்று முன்கூட்டியே சொல்லி, அந்த நாட்களில் பார்க்கவும் சொன்னார்.

என் பக்கத்தில் ஒரு பிழை நடந்தது, அதையும் சொல்லவேண்டும். முதல் மட்டையை வழமைபோல மணிக்கட்டு இலேசாகப் பின்னால் வளைந்த நிலையில் செய்துவிட்டேன். கைக்கு அது வேலை செய்யும் நிலை என்று படித்த பழக்கம். ஆனால் குகைக்குள் அழுத்தம் ஆகக் குறைவாக இருப்பது மணிக்கட்டு நேராக இருக்கும்போது. பத்து நாளில் "ராவைக்கு இன்னும் விறைக்குது" என்று வந்தார். பிளாஸ்டிக்கைச் சுடுநீரில் இளக்கி நேராக்கிக் கொடுத்தேன். இரவுக்கு அது. பகலுக்குப் பெருவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் சிறிய மட்டை வேறு.

வீட்டில் சில மாற்றங்கள் செய்தோம். மேசைக்கு நாலு கல் வைத்து உயர்த்தி, அவரை நிற்கவைத்தோம். உரல் பிடியைச் சைக்கிள் டியூப் சுற்றித் தடிப்பாக்கினோம். மாவை ஒரேயடியாகக் குழைக்காமல் மூன்று தரமாகக் கொதிநீர் ஊற்றிக் குழைத்தால் கடைசித் தட்டும் இளக்கமாகப் பிழியலாம் என்பது அக்காவின் சொந்த யோசனை. நான் சொன்ன எல்லாவற்றையும்விட அதுதான் கூடப் பலன் தந்தது. பேத்தியை அக்குளில் பிடிக்காமல், ஒரு கையைக் குண்டிக்குக் கீழும் மறுகையை முதுகுக்கும் கொடுத்து அள்ளித் தூக்கப் பழக்கினேன்.

ஆறாம் கிழமை புதுத்தாள் கொடுத்தேன். சிவப்பு வட்டம் ஒரு புள்ளியாகச் சுருங்கியிருந்தது. நீலமும் கொஞ்சம் குறைந்திருந்தது. இரவில் எழும்புவது கிழமைக்கு இரண்டு நாளாகிவிட்டது. அக்காவுக்குப் பெரிய சந்தோசம். "அப்ப வெட்டத் தேவையில்லதானே மிஸ்?"

அப்போதுதான் அவருடைய சுட்டுவிரலைப் பார்த்தேன். நுனியில் ஒரு கொப்புளம். காய்ந்து தோல் உரியும் நிலை. என்ன என்று கேட்டேன். "தெரியாது, பானை மூடியில பட்டிருக்கும்." எப்போது? அதுவும் தெரியாது. நீராவி வரும் பானை மூடியில் விரல் கொப்புளிக்குமளவு சுட்டிருக்கிறது, சுட்டது அவருக்குத் தெரியவில்லை.

அந்த விரலை நான் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருந்தேன். நோவு குறைந்ததும் எல்லாம் சரியென்று நாங்கள் இரண்டு பேருமே நினைக்கத் தொடங்கியிருந்தோம். நோவு என்பது உடம்பு போடும் சத்தம். நரம்பு சாகத் தொடங்கும்போது அந்தச் சத்தமும் சேர்ந்து குறைகிறது. வந்துபோகும் விறைப்பு வேறு, எந்நேரமும் நிற்கும் விறைப்பு வேறு. இரண்டாவது வந்து, பெருவிரல் மேடும் தேயத் தொடங்கினால், அதற்குப் பிறகு காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் திரும்பக் கிடைக்கக்கூடிய உணர்ச்சியில் ஒரு பங்கைக் கொண்டுபோகலாம்.

நரம்புக் கடத்தல் சோதனைக்கு இன்னும் இரண்டு மாதம் காத்திருக்கவேண்டியிருந்தது. ரிப்போர்ட் வந்தபோது எங்கள் கை கண்டதையே அது எண்ணில் சொன்னது. வலது மணிக்கட்டிலிருந்து நரம்பின் சமிக்ஞை தசைக்குப் போய்ச்சேர 5.6 மில்லிசெக்கன். 4.2ஐச் சுற்றித்தான் மேல்வரம்பு. முழங்கை வரைக்கும் நரம்பு நல்லது, குகையில்தான் தடை. இடக்கையிலும் இலேசான ஆரம்பம்.

வீட்டில் நடந்த பேச்சு

முடிவெடுக்கும் நாளில் அக்கா தனியாக வரவில்லை. கணவர், மகள், ஒரு மச்சாள். மகன் கட்டாரிலிருந்து வாட்ஸ்அப்பில். மகன் உறுதியாகச் சொன்னார்: "அம்மாக்கு வெட்ட வேணாம் மிஸ். மாமிட கைக்கு வெட்டி என்ன நடந்தது?" மாமி என்பது அந்த மச்சாள்தான், அவர் பக்கத்திலேயே இருந்தார். அவருக்கு மூன்று வருடத்துக்கு முன் இதே ஒப்பரேஷன். "எனக்குச் சரிவரல்ல" என்றார்.

நான் அவர் உள்ளங்கையை வாங்கிப் பார்த்தேன். தழும்பு நல்லாக இருந்தது. என்ன சரிவரவில்லை என்று கேட்டேன். உள்ளங்கை அடி நொந்ததாம், கதவைத் தள்ளமுடியாதாம். எத்தனை நாள்? "மூண்டு மாசம் வரும்." இப்போது? "இப்ப இல்ல." ராவில விறைக்குமா? "அது வெட்டின கிழமையோட போயிட்டு." அறைக்குள் ஒரு நிமிடம் எவரும் பேசவில்லை. பிறகு அக்காதான் மச்சாளைப் பார்த்து, "அப்ப சரிவந்திருக்கு கா" என்றார்.

அந்தக் கூரைப்பட்டையை வெட்டித் திறந்தால் உள்ளங்கை அடியில் இரண்டு பக்கமும் நோவு வருவது வழமை. பல கிழமை, சிலருக்கு மூன்று மாதத்துக்கும் மேல் நிற்கும். மச்சாளுக்கு அதை எவரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மூன்று வருடமாக அந்தக் குடும்பத்தில் ஒரு நல்ல ஒப்பரேஷன் கெட்ட பெயரோடு திரிந்திருக்காது. எனக்கு இது கோபம் வரும் விஷயம். ஒரு நிமிடம் எடுத்துச் சொல்லக்கூடியது.

மகனுக்கு எண்களும் வேண்டியிருந்தது. 2002இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வொன்றைச் சொன்னேன். 176 பேரில் ஒரு பகுதியினருக்கு இரவு மட்டை, மற்றவர்களுக்குச் சத்திரசிகிச்சை. மூன்று மாதத்தில் மட்டைப் பக்கம் 54 வீதமும் சத்திரசிகிச்சைப் பக்கம் 80 வீதமும் குணம் கண்டன. ஒன்றரை வருடத்தில் அது 75 வீதமும் 90 வீதமும் ஆனது. மட்டையும் சும்மா இல்லை என்பது இதில் தெரிகிறது. இலேசான நிலையில் உள்ளவர் என்றால் நானே "பொறுங்கள்" என்றிருப்பேன். அக்கா அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார் என்பதற்குக் கொப்புளம் இருந்தது, தட்டையான மேடு இருந்தது, ரிப்போர்ட் இருந்தது.

கெட்டதையும் சொன்னேன். தையலில் கிருமி பிடிக்கலாம், சீனி கூடியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அரிதாக நரம்பே வெட்டுப்படலாம். அரிதாகக் கை முழுவதும் வீங்கிச் சிவந்து தாங்கமுடியாத நோவு பிடிக்கும் ஒரு நிலையும் வரலாம். நுனி விரலின் உணர்ச்சி முழுக்கத் திரும்பும் என்று வாக்குக் கொடுக்கமுடியாது. தேய்ந்த தசை எழும்பாமலே போகலாம். பெருவிரல் பக்க நோவுக்கும் இந்த வெட்டுக்கும் சம்பந்தமே இல்லை, அது திரும்பவும் வரக்கூடும்.

பிறகு கணவர் கேட்டார், அதுவரை பேசாமல் இருந்தவர்: "எத்தின நாள் பிழிய ஏலாது?" உரல் நெரிக்க எட்டுக் கிழமை என்று வையுங்கள் என்றேன். அரச வைத்தியசாலையில் ஒப்பரேஷனுக்குக் காசு கட்டத் தேவையில்லை. ஆனால் எட்டுக் கிழமை உழைப்பு இல்லை. செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை கட்டவேண்டிய கடன் இருக்கிறது. நாலு கடையும் வேறு ஆளைப் பிடித்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. இந்தக் கேள்விக்கு எந்த மருத்துவப் புத்தகத்திலும் பதில் இல்லை, ஆனால் முடிவு நின்றது இதில்தான்.

வாவியிலிருந்து தான் நாலு மணிக்கெல்லாம் கரைக்கு வந்துவிடுவதாகவும் தான் பிழிவதாகவும் அவர் சொன்னார். மகள் அவிப்பதாகச் சொன்னாள். அக்கா மா குழைக்கும் பக்குவம் மட்டும் பார்த்துச் சொல்வார், முந்நூறை நூற்றைம்பதாகக் குறைப்பது. ஆடி அமாவாசை மாமாங்கத் தீர்த்தம் முடியட்டும், அந்த நாட்களில்தான் ஓடர் கூட, அந்தக் காசை வைத்துக் கடனை இரண்டு மாதம் சமாளிக்கலாம் என்பது அக்காவின் கணக்கு. மூன்று கிழமை பிந்துவதால் நரம்புக்குப் பெரிய வித்தியாசம் வராது என்று நிபுணரும் ஒத்துக்கொண்டார். அந்த இடைவெளியில் சீனியையும் கட்டுக்குள் கொண்டுவந்தோம். வெறுவயிற்றில் 168 இருந்தது 120க்கு வந்தது.

வெட்டும் அதற்குப் பிறகும்

கையை மட்டும் விறைக்கவைத்து, உள்ளங்கையில் மூன்று சென்ரிமீற்றர் அளவில் ஒரு வெட்டு. இருபது நிமிடத்தில் முடிந்தது. அன்றைக்கே வீட்டுக்குப் போனார். நான் கேட்டது இரண்டே விஷயம்: கை நெஞ்சுக்கு மேலே இருக்கவேண்டும், விரல்களை மணிக்கு ஒருதரம் மடக்கி நீட்டவேண்டும்.

இரண்டாம் நாள் விடிய மகள் தொலைபேசி எடுத்தாள். நான் பயந்துதான் பதில் சொன்னேன். "அம்மா ராவு எழும்பவே இல்ல மிஸ்."

பன்னிரண்டாம் நாள் தையல் எடுத்தோம். மூன்றாம் கிழமையிலிருந்து தழும்பைத் தேங்காயெண்ணெய் போட்டு நீவப் பழக்கினேன். உள்ளங்கை அடி நோவு சொன்னபடியே வந்தது, ஐந்தாம் கிழமையில் ஆகக் கூடுதல். அக்கா பதறவில்லை. "இது நீங்க சொன்ன நோதானே" என்று கேட்டுவிட்டுப் போனார். பத்தாம் கிழமை அளவில் குறைந்தது. உரலைத் திரும்பப் பிடித்தது ஒன்பதாம் கிழமை, முதலில் நாற்பது தட்டு, பிறகு எண்பது. கணவர் பாதியைத் தொடர்ந்து பிழிகிறார். கடைக்காரர் ஒருவர் ஐயாவின் இடியப்பம் கொஞ்சம் தடிப்பு என்றாராம், ஆனால் கடையை விடவில்லை.

ஆறாம் மாதம்: பிடிபலம் 21 கிலோ. சுட்டுவிரலிலும் பெருவிரலிலும் உணர்ச்சி ஏறக்குறைய வழமைக்கு வந்துவிட்டது. நடுவிரல் நுனி 8 மில்லிமீற்றரிலிருந்து 6க்கு வந்தும் இன்னும் கொஞ்சம் மந்தம். மேட்டின் தட்டை அப்படியே இருக்கிறது. நாலாம் மாதத்தில் சிவப்பு ஒருமுறை எட்டிப் பார்த்தது, பேத்திக்குக் காய்ச்சல் வந்து இரவு முழுக்கத் தூக்கி வைத்திருந்த கிழமை. பகல் மட்டையை இரண்டு கிழமை போட்டார், போய்விட்டது. அதற்கு அவர் என்னிடம் வரவும் இல்லை.

போன மாதம் வந்தபோது கையில் ஒரு தாள் கொண்டுவந்தார். வீட்டிலேயே மகளைக் கொண்டு இடக்கையைச் சுற்றி வரைவித்து, தானே நிறம் போட்டது. சிவப்பு எங்கேயும் இல்லை. நடுவிரல் நுனியிலும் சுட்டுவிரல் நுனியிலும் மட்டும் நீலம், அதுவும் அழுத்தாமல் இலேசாகத் தீட்டியது. "இது ராவைக்கு மட்டும்தான் மிஸ், விடிஞ்சா போயிரும். அதனாலதான் மெல்லப் போட்டன்" என்று விளக்கினார். மறுகா, "இதையும் வெட்டணுமா?" என்று கேட்டார். இப்போது இல்லை என்றேன். மேடு பார்த்தேன், உருண்டையாக இருந்தது. நடுவிரல் நுனியில் 5 மில்லிமீற்றர். இடக்கைக்கு நேரான இரவு மட்டை ஒன்று செய்து கொடுத்து, மூன்று மாதத்தில் வரச்சொல்லிக் கொப்பியில் திகதி எழுதினேன். அந்தத் தாளையும் அதே பக்கத்தில் ஒட்டிவிட்டேன்.